சால்வையோடு நின்றுபோன டிஸ்க்

நாரணாபுரம்,
புரட்டாசி மாதம்.

பேரன்புக்குரிய மைத்துனர் திரு. மகேஷ்குமார் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் புருஷன் அய்யாதுரை எழுதிக்கொள்வது. இங்கு மழை இல்லை, பட்டாசுச் சரக்கு நமுத்துப் போகவில்லை, ஆகவே நாங்கள் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் தங்கள் கம்ப்யூட்டர் வேலையும் பிள்ளைகள் படிப்பும் அவ்வண்ணமே இருக்க வேண்டும். போன் போட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது என்பதால், சீசன் நேரத்தில் லோடு ஏற்றுவதைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம், தாங்கள் வாங்கி அனுப்பிய வெறும் டிவிடி டிஸ்க்குகளைப் பற்றியது. நம் பொண்ணு யோகேஸ்வரி கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் விருதுநகரில் நம் சம்பந்தி தங்கப்பாண்டியன் கையில் வைத்தேன். அவர் எண்ணெய் வியாபாரி, எதையும் எடை பார்த்தே வாங்கிப் பழகியவர். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இம்புட்டுக்குள்ளயா எங்க வீட்டுக் கல்யாணம் இருக்கு என்று கேட்டார். அவர் வீட்டு ஹாலில் டிவிடி பிளேயர் துணி போட்டு மூடி வைத்திருக்கிறது. மரியாதையாக டிஸ்க்கில், பெட்டியில் போட்டுக் கொடுத்தால்தான் கல்யாணம் என்று ஒப்புக்கொள்வார் போலிருந்தது. ஸ்டூடியோக்காரரோ இந்தக் காலத்தில் டிவிடி யார் போடுகிறார்கள் என்று கையை விரித்துவிட்டார். நம் கம்பெனி ஆபீசில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் டிவிடி எழுதும் வசதி இருக்கிறது என்று பில் போடும் முத்துச்செல்வி சொன்னதால்தான் தங்களிடம் டிஸ்க் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

முதல் டிஸ்க் முக்கால்வாசிக்கு மேல் எழுதி, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, கோளாறு என்று வெளியே வந்தது. அடுத்ததும் அப்படியே. இன்னொன்று முழுதாக எழுதி முடித்ததும் நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அதைச் சம்பந்தி வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவர் பங்காளிகளையெல்லாம் அழைத்து உட்கார வைத்திருந்தார். தாலி கட்டியது வரை கண்ணாடி மாதிரி ஓடியது. அடுத்து சம்பந்தி மரியாதை. மேடையில் நான் சால்வையை விரித்துத் தூக்குகிறேன், சம்பந்தி குனிந்து தோளைக் காட்டுகிறார், படம் நின்றுவிட்டது. தூக்கிய சால்வை தூக்கியபடி, குனிந்த தோள் குனிந்தபடி. பிறகு அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, படம் அதைத் தாண்டிக் குதித்தது, பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். திரும்பப் போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. நான் சால்வையை முறையாகப் போர்த்தியதை மண்டபமே பார்த்தது, நீயும் பார்த்தாய். ஆனால் வீடியோவில் இல்லையே. சம்பந்தி டிவியை அணைத்துவிட்டு, "அண்ணாச்சி, காப்பி ஆறிப் போகுது, குடிங்க" என்றார். அதோடு சரி, பேச்சு நின்றது.

மறுநாளே தெப்பக்குளம் பக்கம் பருப்புக் கடையில் பேச்சு வந்துவிட்டது, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு மரியாதையை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்று. நான் ஏன் வெட்டப் போகிறேன், எனக்கு கம்ப்யூட்டரை அணைக்கவே தெரியாது. யோகேஸ்வரி போனில் ரகசியமாகப் பேசினாள். "அப்பா, தலைத்தீபாவளிக்கு அங்கன வாறதப் பத்தி இங்கன யாரும் வாயே திறக்க மாட்டேங்காக" என்றாள். அதைக் கேட்டது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை மகேஷ். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லார் வீட்டுத் தீபாவளிக்கும் சரக்கு அனுப்புகிறவன் நான். என் ஒரே மகளும் மருமகன் ஹரிஷ்குமாரும் தலைத்தீபாவளிக்கு வராமல் என் வாசல் இருட்டாகக் கிடந்தால், அதற்கப்புறம் நான் கம்பெனி நடத்தி என்ன புண்ணியம்?

சரி, அடுத்த டிஸ்க்கையாவது பார்த்தவுடன் மனசு குளிர்கிற மாதிரி கொடுப்போம் என்று லேபிள் அடித்தேன். சிவகாசிப் பக்கத்திலேயே இருந்துகொண்டு டிஸ்க்கை மொட்டையாகக் கொடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். வழக்கமாக நம் சரக்குக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்சிலேயே கொடுத்தேன். கனத்த தாள், நாலு கலர், ஓரத்தில் தங்க ஜிகினா, மேலே பளபளவென்று லேமினேஷன். ஆயிரத்துக்குக் குறைந்து மெஷினில் ஏற்ற மாட்டோம் என்றதால் ஆயிரம் அடித்தாயிற்று, மிச்சம் பீரோவில் இருக்கிறது. பசை போட்டு அழுத்தி ஒட்டி, பெருமையாகக் கொண்டுபோனேன். பிளேயருக்குள் போனதும் தரைச்சக்கரம் மாதிரி ஓர் இரைச்சல், அத்தோடு மூச்சைக் காணோம். படமும் வரவில்லை, டிஸ்க்கும் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் எடுத்தோம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். எடுத்த டிஸ்க்கைச் சம்பந்தியம்மாள் வாங்கிக் கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை படத்துக்குக் கீழே, பிரஸ்காரன் பழக்க தோஷத்தில், "பெரியவர்கள் மேற்பார்வையில் திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும்" என்று அடித்திருக்கிறான். அதை அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து வாசித்த தொனி இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். தலைமுறையாக வெடித் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாதா? சரக்கு பாதி எரிந்து அணைந்தால் நமுத்திருக்கிறது என்று அர்த்தம். நீ டிஸ்க் அனுப்பியபோது உங்கள் பக்கம் மழை, கூரியர்காரன் எங்கே வைத்தானோ. ஈரம் கோத்திருக்கிறது, அம்புட்டுதான் கோளாறு. உடனே மிச்ச டிஸ்க்கை அள்ளிக்கொண்டு கம்பெனியில் வெடி காயவைக்கும் காய்ச்சல் தளத்துக்குப் போனேன். போர்மேன் சுடலை மறித்தான். "மொதலாளி, இது கண்ணாடியாட்டம் வெயில எத்தி அடிக்கி. மருந்து ரூம் பக்கம் வச்சீகன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிருவேன்" என்றான். அவன் சொன்னது நியாயம் என்பதால் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து, பளபளக்கும் பக்கம் மேலே பார்க்க, அப்பளம் பரப்புகிற மாதிரி இடைவெளி விட்டுப் பரப்பி, நல்ல உச்சி வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்தேன். மதியத்துக்கு மேல் நானே ஏறிப் போய்ப் புரட்டிப் போட்டேன். கத்திரிப்பூ நிறத்தில் இருந்ததெல்லாம் வெளுத்து வந்தது, ஈரம் இறங்குகிறது என்று எனக்கு நிம்மதி. உன் அக்காவுக்கும் சந்தோஷம், டிஸ்க் மினுக்கிய மினுக்கில் அவள் பக்கத்தில் போட்டிருந்த மோர் மிளகாயைக் காக்காய் தொடவில்லை.

ஆனால் என்ன பாடு பட்டு என்ன, காய்ந்த டிஸ்க்கில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. முன்பாவது முக்கால்வாசி எழுதியது. இப்போது உள்ளே போட்டால், டிஸ்க் போடவும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. போட்டுத்தானே இருக்கிறேன் என்று நான் சத்தம் போட, முத்துச்செல்வி எழுந்து வெளியே போய்விட்டாள். மெதுவான வேகத்தில் எழுதிப் பார்ப்போம் என்று அவள் முன்பே சொன்னாள். சீசனில் மெதுவாக எதைச் செய்ய முடியும்? ஆக, எப்பேர்ப்பட்ட மட்டச் சரக்கை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நீயே பார்த்துக்கொள். நம் தொழில் வழக்கப்படி, வெடிக்காத சரக்கை மாதிரிக்கு இதோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரன் மூஞ்சியில் எறி.

நீ செய்ய வேண்டியது இதுதான். கோயம்புத்தூரிலேயே உயர்ந்த டிஸ்க்காக ஒரு கட்டு வாங்கு. மீட்டிங்கை ஒத்திப்போட்டுவிட்டு நேரே விருதுநகர் வா. சம்பந்தி வீட்டில் பங்காளிகளை வைத்துக்கொண்டு, குற்றம் டிஸ்க் மேல்தான், அத்தான் எதையும் வெட்டவில்லை என்று கம்ப்யூட்டர் படித்தவன் வாயால் சொல். உன் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன், வயசு பார்க்க மாட்டேன். பிள்ளைகள் தீபாவளிக்கு என் வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

உனக்கும் உன் வீட்டு அம்மாளுக்கும் மாரியம்மன் காவல் இருப்பாள். பிள்ளைகள் பத்துத் தலைமுறைக்குப் பேர் சொல்லி வாழட்டும். உன் அக்காள் தங்கத்தாய் விசாரித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு, தூக்கம் இழந்த
அய்யாதுரை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியிடமிருந்து போன். உன் அக்காள் எனக்குத் தெரியாமல், நான் மாடிக்குக் கொண்டுபோகும் முன்பே ஒரு டிஸ்க்கை எடுத்து முத்துச்செல்வியிடம் கொடுத்து மெதுவாக எழுதச் சொல்லி, லேபிள்கூட ஒட்டாமல், காராச்சேவுப் பொட்டலத்தோடு அங்கே அனுப்பியிருக்கிறாள். அது முழுசாக ஓடிவிட்டதாம். காயவைக்காமல் எப்படி ஓடியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சம்பந்தி எடுத்த எடுப்பில், "அண்ணாச்சி, அந்தச் சால்வையில மூஞ்சியத் தொடச்சு, மூக்கையும் சிந்திட்டுல்ல எம்மேல போத்தியிருக்கீக" என்றார். சத்தியமாக எனக்கு நினைவே இல்லை மகேஷ். தாலி ஏறியதும் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, கையில் இருந்தது சால்வை என்றே தெரியவில்லை. பிறகு அவரே, "அம்புட்டு அழுகைய நான் அன்னைக்குக் கவனிக்கலையே. எனக்கும் பொட்டப்பிள்ளை ஒண்ணு கட்டிக்குடுக்க நிக்கி அண்ணாச்சி. பிள்ளைகள ஒரு வாரம் முன்னாலயே அனுப்பி வைக்கேன்" என்றார். ஆகவே நீ டிஸ்க் வாங்கவும் வேண்டாம், வரவும் வேண்டாம், கடைக்காரனையும் விட்டுவிடு. ஒரே ஒரு சிக்கல். நான் மூக்குச் சிந்துவதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சம்பந்தி போட்டுப் போட்டுக் காட்டுகிறாராம், பருப்புக் கடைக்காரர் வரைக்கும் பார்த்தாயிற்று. நன்றாக ஓடுகிற டிஸ்க்கை ஓடாமல் செய்ய என்ன வழி என்று கேட்டு உடனே எழுது.