பூக்கொட்டகைத் தகரமும் வாழநார் முடிச்சும்

சும்மா எப்படித் தருவாரு மக்கா? பொண்ணு கேட்டுப் போன அன்னைக்கே, "தகர வேல பாக்குதவனுக்கு எம்மவளத் தரமாட்டேன்"னு மொகத்துக்கு நேரே சொல்லிட்டாரு.

அவரு நல்லபெருமாள் அண்ணாச்சி. தோவாளையில பூ யாவாரம். மாலை கெட்டுததுல அவருக்க கைய மிஞ்ச ஆளு கெடையாது. நான் அப்பம் நாரோயில்ல ஒரு மேஸ்திரிகிட்ட தகரக்கூரை வேல படிச்சுக்கிட்டு கெடந்தேன். ஆறு மாசம்தான் ஆயிருந்து.

"கூரையிலேருந்து விழுந்து நெய்யூர் ஆசுபத்திரியில கெடக்குதவனுவள எண்ணிப் பாத்திருக்கியா?"ன்னு கேட்டாரு.

நான் எண்ணல. அவரு எண்ணியிருப்பாரு போல.

"அண்ணாச்சி, அவனுவ படிக்காம ஏறுனவனுவ. நான் படிச்சுட்டு ஏறுதவன்"னு சொன்னேன்.

பொய்யில்ல கேட்டியா. கூரை வேலய ஆபத்தில்லாமச் செய்யது எப்படின்னு மேஸ்திரிகிட்ட ஒரு அச்சடிச்ச நோட்டீஸு இருந்து. அவருக்கு எழுத்து கூட்டி வாசிக்கத் தெரியாது. ராப்பள்ளிக்கூடத்துல படிச்சவன் நான் ஒருத்தன்தான். நான் வாசிக்க, அவரு தலையாட்ட, கடைசியில எனக்கு அது மனப்பாடம் ஆயிட்டு. ஆணி போன வரிசையில மட்டும் காலு வை, அதுக்குக் கீழதான் மரச்சட்டம் இருக்கும். காத்துல தகரத்தத் தூக்காத. ஆயுதத்த மேல போட்டு வைக்காத. இடுப்புல கயிறு கெட்டு. வெயிலு ஏற முன்ன எறங்கு.

அண்ணாச்சி எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டுச் சொன்னாரு:

"சரி. எனக்க பூக்கொட்டகைக்குக் கூரை மாத்து. ஓணத்துக்கு எட்டு நாளாக்கும் கெடக்கு. திருவனந்தபுரத்துக்குப் போற பூவெல்லாம் அதுக்குள்ளதான் எறங்கும். ஒழுகப்பிடாது. நீயும் விழப்பிடாது. ரெண்டு காலுல எறங்கி வந்தியானா மத்ததப் பேசுவோம்."

உலகச் சண்டை முடிஞ்ச பொறவு பட்டாளத்துக்காரனுவ வித்த பழைய தகரம் அது. துரு தின்ன ஓட்டையெல்லாம் சாக்குத்துணியும் தாரும் வச்சு அடச்சு, பழைய கூரையையும் பிரிச்சு, முந்தின நாளே தகரத்த அடுக்கி வச்சேன். மறுநாளு கருக்கல்லயே ஏணிய நட்டாச்சு. மலைக் கணவாய்க் காத்து எந்திரிக்க முன்ன எல்லாத்தையும் மேல ஏத்திப்போடணும்.

கயித்த எடுத்து இடுப்புல சுத்துனேன். மேல ஏறி முகட்டு உத்தரத்துலயும் ஒரு கெட்டு போட்டேன்.

அண்ணாச்சி கீழேருந்து பாத்துக்கிட்டே நின்னாரு.

"இது என்ன கெட்டு?"

"மேஸ்திரி படிப்பிச்சுத் தந்த கெட்டு அண்ணாச்சி."

"இது எருமைக்கே பத்தாது. நவுரு."

ஊறப்போட்ட வாழநாரு ஒரு கத்தை எடுத்துக்கிட்டு ஏணியில ஏறி வந்துட்டாரு. முகட்டுல எனக்க முடிச்சு மேல நாரைச் சுத்தி ஒரு முடிச்சு. எனக்க முதுகுப் பக்கம் இடுப்புல ஒரு முடிச்சு. விரலு போன வேகத்துல ஒண்ணும் தெரியல. எனக்க இடுப்புல ஒரு ரோசாப்பூ வச்சுக் கெட்டுனாக்கூட நான் அறிஞ்சிருக்கமாட்டேன்.

"நான் கெட்டுனது இதுவரைக்கும் அவுந்ததில்ல"ன்னாரு.

பெருமையா இருந்து. இதுல யோசிக்க வேண்டிய விசயம் ஒண்ணு இருக்குன்னு அப்பம் எனக்குத் தோணல.

அவரு எறங்கி, பூக்கூடையோட வடசேரிக்கு பஸ் ஏறிட்டாரு. உச்சைக்கு முன்ன வந்துருவாராம்.

வேல கொள்ளாம், நல்லாவே நடந்துதுன்னு சொல்லணும். கீழேருந்து சுமட்டுக்காரன் ஒருத்தன் தகரத்த ஏத்தித் தந்தான். வரிசைக்கு வரிசை ஏறி மூடி, ஒழுகாம இருக்க வாசர் வட்டு வச்சு ஆணியடிச்சு முடிச்சேன். ஒருக்கா சறுக்குனேன். கயிறு பிடிச்சு நிறுத்திட்டு. கீழ பூ கெட்டிக்கிட்டிருந்த பொம்பளையளு எல்லாம் பாத்தாளுவ. அண்ணாச்சிக்க மவ செல்லம்மையும் பாத்தா. நான் வேணும்னே சறுக்குன மாதிரி சிரிச்சேன்.

காலத்தே ஒம்பது மணிக்கெல்லாம் வேல முடிஞ்சு. நோட்டீஸ்ல சொன்னது மாதிரி சுத்தியலு, கத்திரி, வெட்டுக்கத்தி எல்லாத்தையும் பொட்டியில வச்சு கீழ எறக்கினேன். ஒரு ஆணிகூட மேல வைக்கல.

"முடிஞ்சு!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ஏணிப் பக்கம் நடந்தேன்.

ஏணிக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிறு "போதும்"னுட்டு.

சரி, அவுப்போம்னு முதுகுப் பக்கம் கைய விட்டேன். காலத்தே பச்சத்தண்ணி மாதிரி இருந்த நாரு, வெயிலுல காஞ்சு கல்லாயிருக்கு. முகட்டுக்குப் போயி அந்த முடிச்சப் பாத்தேன். அது இதுக்க அண்ணன்.

கயித்தக் கீழ தள்ளி இடுப்புலேருந்து கழத்திரலாம்னு பாத்தேன். வேட்டிதான் கழண்டுது. பொம்பளையளு தலையக் குனிஞ்சு அவசரமாப் பூ கெட்டுனாளுவ. அந்த முயற்சிய அத்தோட விட்டேன்.

சுமட்டுக்காரன் ஏறி வந்தான். பல்லால கடிச்சுப் பாத்தான். பல்லு ஆடிச்சு. முடிச்சு ஆடல.

"அண்ணே, இது மனுசன் போட்டதா?"ன்னு கேட்டுட்டு எறங்கிட்டான்.

செல்லம்மை கீழேருந்து, "அந்த வெட்டுக்கத்தியை எடுத்துக் குடுக்கட்டா? அறுத்துட்டு வரட்டு"ன்னா.

அவளுக்க அம்மை பகவதி மாமி பதறிப் போயிட்டா.

"ஏட்டி! வாயை மூடு! கலியாணம் பேசுத நாளு, மாப்பிள்ள இடுப்புல அப்பா கெட்டுன கெட்டு! அத அறுக்கதாம்! தாலிக்கு முன்னயே அறுப்பு பேசுதா பாரு!"

"மாப்பிள்ள"ன்னு சொல்லிட்டா. எனக்கு மேல நின்னு சந்தோசம். அந்தச் சந்தோசத்துல அறுக்கச் சொல்லவும் வாய் வரல. அறுத்தா கலியாணம் போச்சு. அறுக்கலேன்னா காலு போச்சு.

ஏன்னா தகரம் சுட ஆரம்பிச்சுட்டு மக்கா. நான் வெறுங்காலு. ஒரு காலு மாத்தி ஒரு காலு வச்சேன். ரோட்டுல போன பஸ்ஸுலேருந்து ஒருத்தன், "ஏலே, கூரை மேல ஆட்டம் நடக்கு!"ன்னு கத்துனான்.

மாமி வாழை எலையா அறுத்துத் தூக்கிப் போட்டா. எலைய அறுக்கதுக்கு தோசமில்லையாம். அஞ்சாறு எலைய விரிச்சு முகட்டுல சம்மணம் போட்டு உக்காந்தேன். பந்தியில மொத ஆளா உக்காந்து, சோறு வராத மாதிரி இருந்து.

"மக்கா, நாரு நனஞ்சா எளகும்!"னு மாமிக்குத் திடீர்னு ஓர்மை வந்துட்டு. "கெணத்துலேருந்து கோருங்கட்டீ!"

பூ கெட்டுத அம்புட்டு பேரும் வாளியும் கொடமுமா வரிசையில நின்னாளுவ. அந்த அவசரத்துல ஏணி ஒருத்தருக்கும் ஓர்மை வரல. கீழேருந்து வீசுனா முதுகுல இருக்க முடிச்சுக்கு எப்படிப் படும்? மொகத்துல பட்டுது. வாயில போச்சு. மூக்குல போச்சு. தகரமெல்லாம் ஆறா ஓடிச்சு. முடிச்சு மட்டும் காஞ்சு உணக்கமா இருந்து.

"திரும்பி உக்காருங்க!"ன்னு செல்லம்மை சொன்னா. மொத மொதல்ல என்கிட்ட நேரா அவ பேசுன பேச்சு அதுதான். திரும்பி உக்காந்தேன். அடுத்த வாளி எனக்க தலையத் தாண்டி அந்தப் பக்கம் போயி விழுந்து.

அப்பம்தான் அண்ணாச்சி பஸ்ஸ விட்டு எறங்குனாரு.

என்னைப் பாத்தாரு. எலையைப் பாத்தாரு. வாளியைப் பாத்தாரு. நேரே கொட்டகைக்குள்ள போயிட்டாரு.

"அண்ணாச்சி! நான் இங்க இருக்கேன்!"

"இரு, இரு. எங்க போவ?" உள்ளேருந்து குரலு வந்து. "ஏட்டி, இன்னும் ரெண்டு கொடம் ஊத்துங்க. அந்த மூலையில."

ஊத்துனாளுவ. அவரு உள்ள அண்ணாந்து மூலை மூலையா நடக்குத சத்தம் எனக்குக் கேக்குது. காலு வேகுது. அவருக்கு அவசரமே இல்ல.

வெளிய வந்து சொன்னாரு: "ஒரு சொட்டு விழல."

பொறவு ஏணியில ஏறி வந்தாரு. செம்புத் தண்ணிய முடிச்சுல ஊத்தி, ஒத்த விரல விட்டு ஒரு சுண்டு. அவ்வளவுதான். காலத்தேலேருந்து ஊரே மல்லுக்கெட்டுன முடிச்சு, கொட்டாவி விட்ட மாதிரி வாயத் தொறந்துட்டு.

நான் எந்திரிச்சேன். சம்மணம் போட்டே இருந்ததுல ரெண்டு காலும் மரத்துப் போயிருந்து. அவரு முன்னால எறங்க, நான் பின்னால ஒவ்வொரு படியா எறங்குனேன். எல்லாரும் பாக்குதாவ. ரெண்டு காலுல எறங்கணும். அதாக்கும் பேச்சு. பத்துப் படி வந்துட்டேன்.

கடைசிப் படியில காலு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல.

விழுந்தேன். நேரே பிச்சிப்பூக் குவியலுல, மொகம் குப்புற.

மாமி நெஞ்சுல கைய வச்சுட்டா. போச்சு, கலியாணம் போச்சுன்னு பூவுக்குள்ள கெடந்து நெனச்சேன். எந்திரிக்கவும் மனசு வரல.

அண்ணாச்சி கயித்தச் சுருட்டிக்கிட்டே யோசிச்சாரு.

"கயித்துல கெடந்த வரைக்கும் விழல. அவுத்த பொறவுதான் விழுந்தான்"னாரு. "அப்பம் தப்பு ஆளு மேல இல்ல. ஓணம் முடியட்டு, நாளு பாப்போம். ஆனா ஒரு பேச்சு. இனி எந்தக் கூரையில ஏறுனாலும் நான்தான் கெட்டுவேன்."

தலையாட்டுனேன். பூவுக்குள்ள இருந்ததால அது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. செல்லம்மைக்குத் தெரிஞ்சிருக்கு. சிரிச்சா.

அது ஆச்சு நாலு வருசம். பேச்சு இன்னைக்கும் மாறல. எந்த ஊருல வேலன்னாலும் மாமனாரு மொத பஸ்ஸுக்கு வந்து நிப்பாரு. மேஸ்திரிகூட இப்பம் அவரத்தான் கேக்காரு, என்னையில்ல. நான் படிச்ச பாடம் ஒண்ணுதான். அது நோட்டீஸ்ல இல்ல. மேல ஏறும்போது சுத்தியல மறந்தாலும், ஒரு செம்பு தண்ணிய மறக்கப்பிடாது.

"மருமவனே! நாரு ஊறிட்டு, வாரும்!"

இந்தா, கூப்பிடுதாரு. போறேன் மக்கா. அந்தச் செம்ப இங்க எடு.