லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

அன்று கம்பத்தில், அக்கா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: ஆன்லைன் நேர்காணலுக்குப் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த அக்கா மகள் கவிதா, அவளைவிட அழுத்தமாகத் தலைவாரியிருந்த அக்கா, திராட்சைக்கு மருந்தடிக்கப் போகாமல் நின்ற மச்சான், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நான். வராதது வைஃபை மட்டும்.

அந்தப் பழைய லேப்டாப்பைத் தேனியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தவன் நான். விண்டோஸுக்கு அது மூச்சு வாங்கியதால், அதற்குப் பதிலாக வீடியோ பார்த்து லினக்ஸ் ஏற்றியவனும் நான். இலவசம் என்றார்கள். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். (கடையில் சும்மா கொடுக்கும் பையைக்கூட உதறிப் பார்த்துத்தான் வாங்குவேன்.)

நேர்காணலுக்குப் போன் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்பது மச்சானின் கட்டளை. போனில் வைஃபை ஓடியது. லேப்டாப்பில் மட்டும் இல்லை.

லினக்ஸுக்கு உத்தரவு எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, வீடியோவில் பார்த்ததை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அதற்கே பாதி உயிர் போனது. பிறகு ‘பிளாக்டு’ என்று ஒரு வரி வந்தது. மீதியும் போனது.

“மச்சான், நம்மள பிளாக் பண்ணிட்டாக!”

“யாரு மாப்ள?”

“காசு குடுக்காம ஏத்துனது தெரிஞ்சுபோச்சு. போலீசோட வந்தாலும் வருவாக.”

மச்சான் வாசல் கதவைச் சாத்தினார். “லோயர் கேம்ப் தாண்டிட்டா கேரளா. இப்ப ஒரு பஸ் இருக்கு.”

“மாமா, பஸ்சுல என்னையும் ஏத்திக்கங்க. தை மாசம் எனக்கு இங்கன ஆகாது,” என்றாள் கவிதா. சிரித்தபடிதான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

நான் ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு மண்டியிட்டேன். மச்சான் மோடத்தைக் கழற்றாமல் தூக்கி, வயர் எட்டிய மட்டும் லேப்டாப் தலைக்கு மேல் பிடித்தார்.

அக்காவின் கவலை வேறு. “எதுக்குலே இம்புட்டுச் சந்தனம் அப்பி வச்சிருக்க? கேமராவுல பாக்குறவுக என்ன நெனப்பாக?” ஈரத்துணியால் லேப்டாப்பின் முன்விளிம்பை அழுத்தித் துடைத்தாள்.

டக். நீல விளக்கு எரிந்தது.

அந்த விளிம்பில் வைஃபைக்கென்று ஒரு குட்டித் தள்ளு சுவிட்ச் இருந்திருக்கிறது. முந்தின வாரம் ஆயுத பூசையில், இது எங்கே நின்றுவிடுமோ என்ற பயத்தில், ஊர் டிராக்டருக்கே போதுமான சந்தனத்தை நான் அழுத்தித் தடவியதில் சுவிட்ச் அணைந்து, அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அன்றுதான் லேப்டாப்பைத் திறந்தோம்.

நாங்கள் நகர்வதற்குள் திரையில் மூன்று அதிகாரிகள் வந்துவிட்டார்கள். அபிஷேகத்துக்குக் குடம் தூக்கியவர்போல மச்சான்; வாயில் ஆயுதத்தோடு நான்.

“பின்னால் இருப்பவர்கள் யார்?”

“எங்க ஐ.டி. டிபார்ட்மென்ட் சார்,” என்றாள் கவிதா.

அவர்கள் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு நின்றது.

இப்போதெல்லாம் ஆயுத பூசை வந்தால் அக்கா லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். சந்தனக் கிண்ணம் மச்சான் கையில் நேராக என் நெற்றிக்கு வருகிறது.

“இவனுக்கு நல்லா அள்ளி அப்புங்க. உள்ள ஓடுறது கொஞ்ச நேரம் அணைஞ்சா, நாம நிம்மதியாச் சுண்டல் திம்போம்.”