மறியலில் உட்கார்ந்த எம்.எல்.ஏ.வுக்கு

சுத்துக்கேணி,
வெள்ளிக்கிழமை.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் செல்வகுமாரி அம்மையார் அவர்களுக்கு, அதே தெருவில் எதிர் வீட்டுக் குமரவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆதிலட்சுமியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் அருள்மொழியும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்கத் தேவையில்லை. கடைத்தெரு முழுக்க பேனரில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். போன தேர்தல் வரைக்கும் "செல்வி, செல்வி" என்று கூப்பிட்ட வாய்க்கு இந்த மாண்புமிகு இன்னும் பழகவில்லை. நடுவில் எங்காவது "நீ" என்று வந்துவிட்டால் மன்னித்துக்கொள்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் நன்றியின் கனம் புரியும். சட்டசபை நடக்கிறதென்று தாங்கள் டவுனிலேயே தங்கியிருந்தபோது தெரு மோட்டார் புகைந்து உட்கார்ந்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தங்களுக்குப் போன் போட்டால் உதவியாளர் "மேடம் சபையில இருக்காங்க" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. எனக்கோ மகளின் வளைகாப்பு நெருங்கிவிட்டது. அது முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? வில்லியனூர்ச் சம்பந்தியம்மா காதுக்கு மோட்டார் விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்து, "தண்ணி இல்லாத வூட்டுக்கு வாயும் வயிறுமா இருக்கிற மருமவள எப்படி அனுப்பறது? நானே வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஆதிலட்சுமி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரே மகள், தலைப்பிரசவம், அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்த அறை காலியாகக் கிடந்துவிடுமோ என்று எனக்கும் கவலைதான். ஆனால் ஆண்பிள்ளை என்பதால் நான் சாப்பிட்டேன்.

ஆகவே தெருக்காரர்கள் கூடி, எம்.எல்.ஏ. ஆவதற்கு முன் இத்தனை வருஷமாகத் தாங்கள் முன்னால் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தையான சாலை மறியலில் இறங்கினோம். எல்லாம் தாங்கள் போட்ட சட்டப்படிதான்: காலிக் குடம் முன்னால், பெண்கள் முதல் வரிசையில், ஆம்புலன்சுக்கும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வழி. உட்கார்ந்த பிறகுதான் சிக்கலே. யாரைத் திட்டுவது? எம்.எல்.ஏ. ஒழிக என்றால் அது நம்ம செல்வி. பக்கத்துத் தெரு ரோஸ்லின், "என் புள்ளைக்கு ஆஸ்பத்திரியில பெட் வாங்கிக் குடுத்தவங்கள எப்படிண்ணா ஒழிகன்னு சொல்றது?" என்று மூக்கைச் சிந்தினாள். நம்ம தெரு இருசப்பன், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கலாம்பா. அவங்க இன்னா கோச்சிக்கவா போறாங்க?" என்றான். சொல்லிப் பார்த்தோம். கல்யாண வீட்டு வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பது போல வந்தது.

அந்த நேரம் பார்த்துத் திருக்கனூர் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் சம்பந்தியம்மா! பச்சைக் குடத்தைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்த என்னை அவர் பார்க்க, நான் குடத்துக்குள் முகத்தை விடலாமா என்று பார்த்தேன், வாய் சின்னது. அதற்குள் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிய காரிலிருந்து இறங்கித் தாங்கள் விறுவிறுவென்று வந்தீர்கள். குடத்தைக் கண்ட கால் சும்மா இருக்குமா? என்ன ஏது என்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, ரோஸ்லினைத் தள்ளி உட்காரச் சொல்லி, முதல் வரிசையில் இடம் பிடித்து, கையை உயர்த்தி, "பதில் சொல், பதில் சொல்! எம்.எல்.ஏ.வே பதில் சொல்!" என்று போட்டீர்களே ஒரு போடு! எங்களுக்கும் அப்போதுதான் தொண்டை திறந்தது. பஸ் கண்ணாடி அதிரச் சொன்னோம். ரோஸ்லின்தான் தங்கள் முழங்கையை இடித்து, "அக்கா, எம்.எல்.ஏ. நீங்கதான்க்கா" என்றாள்.

தாங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். எழுந்து போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். "இருக்கட்டும், இன்னொரு தடவ சொல்லுங்க. அவளுக்கு நல்லா ஒறைக்கட்டும்" என்றாய் பார் செல்வி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்ஜினீயருக்குப் போன். "சார், நான் மறியல்ல இருக்கேன். யாருக்கு எதிராவா? எனக்கு எதிராத்தான். மோட்டார் வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்." பஸ்ஸுக்கு வழி விடச் சொல்லிவிட்டு நீ மட்டும் ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்தே இருந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கிய சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக் குழாய்ப் பக்கமே போகவில்லை. ஆதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வரும், போவும். ஒரு கஷ்டம்னா தெருவே வந்து ரோட்டுல குந்துதே, எம்மெல்லே மொதக்கொண்டு! இதுக்கு மேல என் மருமவளுக்கு இன்னா வேணும்? வளைகாப்பு முடிஞ்சதும் இட்டுக்கினு போங்க" என்றார். ஆதிலட்சுமி ரோட்டிலேயே அழுதுவிட்டாள். மோட்டார் சாயங்காலம்தான் வந்தது.

ஜெயித்தவர்கள் மாறிப்போவதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். நீ மாற மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வளைகாப்பு முடிந்து என் மகள் இப்போது உள்ளறையில் படுத்துத் தூங்குகிறாள் என்றால் அது உன்னால்தான். தாங்கள் பல்லாண்டு பதவியில் இருந்து, எங்களோடு இன்னும் பல மறியல்களில் கலந்துகொள்ள எங்கள் அய்யனாரை வேண்டுகிறேன்.

என்றும் நன்றி மறவாத,
எதிர் வீட்டுக் குமரவேல்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது குழாய் நின்றுவிட்டது. புது மோட்டாரும் புகைகிறதாம். ஆகவே மேலே சொன்ன நன்றி முழுவதையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறேன். நாளைக் காலை அதே இடத்தில் மறியல். மருமகளைப் பார்க்க வந்திருக்கும் சம்பந்தியம்மா இப்போதே குடத்தைக் கழுவி வைத்துவிட்டார்; எம்.எல்.ஏ.வைத் திட்ட அவருக்குக் கூச்சமே இல்லை. ஆனாலும் கோஷம் எடுத்துக்கொடுக்க நீ கண்டிப்பாக வந்துவிடு, செல்வி. உன்னைக் கேள்வி கேட்க உன்னை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?