கொள்ளைக்காரர் வரக்கூடாத குளம்

ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே தண்ணீர் குடிக்கப் போன தங்கையைச் சிறுத்தை தின்றுவிட்டதால், கோமளம் என்ற புள்ளிமான் குளக் கமிட்டியில் போய் அழுது, கரையில் ஒரு பலகை வைக்கச் சம்மதம் வாங்கியது.

"மானைத் தின்பவர்கள் வரக்கூடாது என்று எழுதுங்கள் போதும்" என்றது கோமளம்.

"தமிழில் எழுதினால் எவன் மதிப்பான்?" என்றது தலைவர் யானை. பிரிடேட்டர்களுக்கு அனுமதியில்லை என்று இங்கிலீஷில் பலகை எழுந்தது.

நாக்கு வறண்ட சிறுத்தை, அகராதிகளோடு குடித்தனம் நடத்தும் முள்ளம்பன்றி தண்டபாணியை வக்கீலாக வைத்துக்கொண்டது.

"தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தது தண்டபாணி. "பலகையில் உள்ள பிரிடேட்டர் என்ற சொல்லுக்குப் பிறந்தகம் லத்தீன். அங்கே இதற்குக் கொள்ளைக்காரன் என்று பொருள். இங்கிலீஷுக்கு வந்த பிறகும் முதலில் சூறையாடும் மனிதர்களைத்தான் சுட்டியது. விலங்குகள் தலையில் பிற்பாடு கட்டினார்கள். என் கட்சிக்காரர் எதைக் கொள்ளையடித்தார்?"

"என் தங்கச்சியத் தின்னுச்சே!"

"தின்றார் அம்மா. மூட்டை கட்டிக்கொண்டு போனாரா?"

"மரத்து மேல தூக்கிக்கிட்டுப் போச்சு!"

"அங்கேதான் அவர் இலை போட்டு உட்காருவது வழக்கம். தேவைக்கு மேல் வாரிக்கொண்டு போய்ப் பதுக்குபவரே கொள்ளைக்காரர். இந்தச் சபையில் அது யார்?"

எல்லாருடைய பார்வையும் அணில் சொர்ணத்தின் மேல் விழுந்தது. அதன் வாயில் ஒரு புளியங்கொட்டை இருந்தது.

"ஐயையோ, இது ராத்திரிக்குங்க!" என்றது சொர்ணம்.

"பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டது" என்றது தண்டபாணி.

கோமளத்துக்கு ஏதோ இடித்தது. ஆனால் யானையே தலையாட்டும்போது, லத்தீன் புரியாதவள் என்று பேர் வாங்க அதற்கு மனமில்லை. அதுவும் தலையாட்டியது. அணிலைக் குளத்துப் பக்கம் வரக்கூடாதென்று விரட்டினார்கள்.

சாயங்காலம் கோமளம் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் சிறுத்தை வந்து குனிந்தது.

"நீ பிரிடேட்டர் இல்லைதானே?" என்றது கோமளம்.

"சேச்சே, என்னக்கா! கமிட்டியே சொல்லிவிட்டதே" என்ற சிறுத்தை, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, கோமளத்தைக் கவ்விக்கொண்டு மரம் ஏறியது.

மறுநாள் இரங்கல் கூட்டம் நடந்தது. கமிட்டி, அணிலை வன்மையாகக் கண்டித்தது.

நீதி: மான்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அணில்கள் மட்டும் கொஞ்சம் லத்தீன் படித்து வைத்துக்கொள்வது நல்லது.