பதிலாளுக்குப் பச்சை மை

திருத்தணி வட்டாரச் சான்றிதழ்க் கணினி மையத்தில் ஆறு கணினிகள் கூட்டாகச் சேர்ந்து, மக்களின் சாதி, வருமானம், இருப்பிடம் ஆகிய மூன்றையும் உறுதி செய்து வந்தன. இம்மூன்றும் காகிதத்தில் இல்லாதவர் உயிரோடு இருந்தும் பயனில்லை என்பதால், மையத்தின் பொறுப்பு மகத்தானது. அந்த ஆறையும் மேய்க்கும் ஒப்பந்த ஊழியர் சுஜாதா.

ஒரு திங்கட்கிழமை ஆறும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. சுஜாதா காரணத்தைக் கண்டுபிடித்துத் துணை இயக்குநர் கஜபதியிடம் போனாள்.

"சார், இந்த மெஷினுங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் பொட்டலம் பொட்டலமா வெளிநாட்டுக் கிடங்குல இருக்குதுங்க. கன்டெய்னர் இமேஜுன்னு பேரு. இங்க இடம் கம்மி, அதனால பழசைத் துடைச்சுட்டு ஆறும் தனித்தனியா அங்க ஓடிகினே இருக்குது. 'ஒரு நாளைக்கு இத்தினி தபாதான்'னு அவங்க கதவைச் சாத்திட்டாங்க. நாளைக்கும் ஆறும் ஒண்ணா ஓடினா இதே கதிதான்."

"சரி, அதுக்கு?"

"நடுவுல ஒரு ப்ராக்ஸி வச்சா போதுங்க. அது ஒரே தபா போய் வாங்கியாந்து, நகல் வச்சுகினு, ஆறுக்கும் இங்கியே குடுத்துடும். அரை நாள் வேலை."

கஜபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ப்ராக்ஸியா? போன வருஷம் ஒருத்தரு தன் பேருக்கு வேற ஆளை விட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாரு. அவரைத்தானேம்மா பள்ளிப்பட்டுக்குத் தூக்கி அடிச்சோம்?"

"இது ஆள் இல்லீங்க சார், ப்ரோக்ராம்."

"அப்ப இன்னும் மோசம். தப்பு பண்ணா தூக்கி அடிக்கவும் முடியாது."

இருந்தாலும் அவர் கருணையுள்ளவர். முறைப்படி நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். சுஜாதா அகராதியைப் புரட்டி, கன்டெய்னரைக் கொள்கலமாகவும் இமேஜைப் படிமமாகவும் ப்ராக்ஸியைப் பதிலாளாகவும் மாற்றி, 'கொள்கலப் படிம இடைத்தேக்கப் பதிலாள் நிறுவ அனுமதி கோருதல் தொடர்பாக' என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே அது என்னவென்று புரியவில்லை. கோப்பு ஏற்கப்பட்டது.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே மணியம்மை நின்றிருந்தாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுபவள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது; வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

"நேத்தும் வந்தேன், இன்னிக்கும் வந்துகினு இருக்கேன். தறியை நிறுத்திட்டு வரேம்மா. எப்பத்தான் வரும்?"

"வந்துடும்ங்க" என்றாள் சுஜாதா.

புதன்கிழமை பதில் வந்தது. மலைமேல் முருகன் இருக்கும் ஊரிலிருந்து படிமம் என்று கோப்பு போனால் எந்தப் பிரிவுக்குப் போகும்? சிலைகளைப் பார்க்கும் பிரிவுக்குத்தான் போயிருந்தது. 'மேற்படி படிமம் கல்லா, ஐம்பொன்னா? உயரம் என்ன? கொள்கலத்தில் அடைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவர் யார்? மீட்டு வருபவர் யார்?'

சுஜாதா உண்மையையே எழுதினாள். கல்லுமில்லை, ஐம்பொன்னுமில்லை; உயரம் கிடையாது; அளவு நூற்றெண்பது மெகாபைட்; மீட்டு வருபவர், பதிலாள். வியாழன் மாலை அனுமதி வந்தது. எடை குறைவாக இருப்பதால் கிரேன் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.

வெள்ளி காலை பதினொரு மணிக்குள் சுஜாதா வேலையை முடித்துவிட்டாள். பொத்தானை அழுத்தப் போகும்போது கஜபதி கையை நீட்டித் தடுத்தார்.

"நகல் வச்சுகினு குடுக்கும்னியே, அந்த நகலுக்குச் சான்றொப்பம் யாரு போட்டது?"

"ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அறுபத்துநாலு எழுத்துல ஒரு அடையாளம் இருக்குதுங்க. அசலும் நகலும் ஒண்ணுதானான்னு மெஷினே ஒத்துப் பார்த்துக்கும்."

"மெஷின்கிட்ட பச்சை மை இருக்குதா?"

இல்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அசலின் அடையாளம் ஒரு தாளிலும் நகலின் அடையாளம் இன்னொரு தாளிலும் அச்சாயின. உதவியாளர் ஆதிகேசவன் எழுத்தெழுத்தாகப் படித்தார். கஜபதி விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"சின்ன பி, அஞ்சு, சின்ன எஃப், ஒம்போது..."

நாற்பத்தொன்றாவது எழுத்தில் டீ வந்தது. குடித்து முடித்தபின், எங்கே விட்டோம் என்பதில் கருத்து வேறுபாடு தோன்றியதால், முதலிலிருந்து தொடங்குவதே முறை என்று தீர்மானிக்கப்பட்டது. மொத்தம் ஏழு பொட்டலங்கள். சுஜாதா கடிகாரத்தையும் மணியம்மையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்குப் பச்சைக் கையெழுத்து விழுந்தது. தாள் கணினியின் நெற்றியில் ஒட்டப்பட்டது. சுஜாதா பொத்தானை அழுத்தினாள். ஆறும் எழுந்தன. அரை நிமிடத்தில் மணியம்மையின் சான்றிதழ் வந்து விழுந்தது.

மணியம்மை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நாலு நாளா வராதது அரை நிமிஷத்துல எப்படிம்மா வரும்? இது செல்லுமா? எனக்கு ஒரிஜினலே குடு, நான் இருந்து வாங்கிகினு போறேன்."

"இதுதாங்க ஒரிஜினல்! பஸ்ஸைப் பிடிங்க, ஓடுங்க!"

மகளுக்குக் கல்லூரியில் இடம் உறுதியானது. ஆனால் அடுத்த வாரம் மனுக்கள் குவிந்தன: 'சான்றிதழ்கள் சந்தேகத்துக்கிடமான வேகத்தில் வழங்கப்படுகின்றன.' ஒரு கல்லூரி, சான்றிதழைத் திருப்பியே அனுப்பிவிட்டது. 'விண்ணப்பித்தது 10.02. வழங்கியது 10.02. விசாரணை நடந்தது எப்போது?'

கஜபதி ஆணையிட்டார். அச்சான சான்றிதழ்கள் மூன்று நாள் இரும்பு அலமாரியில் வைக்கப்பட்டு, ஆறியபின் வழங்கப்படும். மனுக்கள் நின்றன. "இப்பத்தாம்பா ஆபீசு ஆபீசு மாதிரி நடக்குது" என்று வரிசையில் நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். சுஜாதா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தாள்.

மாதக் கடைசியில் தன் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டு மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒவ்வொரு வருடமும் இரண்டு மாதம் இழுக்கும் காரியம். ஐந்தாவது நிமிடம் ஆணை வந்தது. மூன்று முறை படித்தாள். கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசியில் அச்செடுத்துக்கொண்டு கஜபதியின் அறைக்குப் போனாள்.

"சார், இது நிஜமாவே ஆர்டர்தானுங்களா?"

"ஏம்மா, என்ன சந்தேகம்?"

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சுங்க."

கஜபதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமும் மாறியது.

"ஆங்... எதுக்கும் அந்த அலமாரியில வச்சுட்டுப் போம்மா. மூணு நாள் ஆறட்டும்."

அவள் நிம்மதியாக வைத்துவிட்டுப் போனாள்.