ஏலகிரிக்குப் போன பை

ஏலகிரி எப்படி இருக்கும் என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். அங்கே அறை எடுத்திருக்கிறேன். ஏரியைப் பார்த்த பால்கனிதான் வேண்டும் என்று ஓட்டல்காரரிடம் போனில் அடம் பிடித்திருக்கிறேன். குளிருமே என்று ஸ்வெட்டர்கூட வாங்கினேன். போனது மட்டும் இல்லை. எனக்குப் பதில் என் பை போய்விட்டு வந்தது. (சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.)

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு வாய்த்தவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. கோவிலுக்கு வருகிறவர்கள், கச்சேரிக்கு வருகிறவர்கள், கத்திரிக்காய் வாங்க வந்தவர்கள் எல்லோரும் "இவ்வளவு தூரம் வந்துட்டு உங்களைப் பார்க்காம போகலாமா" என்று படியேறி வந்துவிடுவார்கள். வீட்டில் அப்பா, நான், என் மனைவி பத்மா மூன்று பேர்தான். ஆனால் பால் வாங்குவது ஒரு சின்னக் கல்யாணத்துக்கு ஆகும்.

பத்மா அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். வாரம் முழுவதும் மாணவர்கள், சனி ஞாயிறு விருந்தாளிகள். அந்த வருஷம் பரீட்சைத்தாள் திருத்தி முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வந்திருந்தவர் மரியாதைக்கு அஞ்சி முழுவதையும் குடித்துவிட்டு, டிகாக்ஷன் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்ததும் அவள் சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டே ரெண்டு நாள். யாரும் என்னை 'பத்மா'ன்னு கூப்பிடாத ஒரு எடம். அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. இந்தப் பெண்ணை எப்படியாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்த் தூங்கவைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஏலகிரி என் தேர்வு. சின்ன ஊர், கிட்டத்தில் இருக்கிற மலை, பெரிய கூட்டம் கிடையாது என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மத்தியானம் காரில் கிளம்புவது, ஞாயிறு திரும்புவது. அத்தோடு விட்டிருக்கலாம். நான் காலையில் சூரிய உதயம், பிறகு நடை, படகு, மூலிகைப் பண்ணை, மாலையில் சூரிய அஸ்தமனம் என்று நிம்மதிக்கு ஓர் அட்டவணையே போட்டுக் காட்டினேன். பத்மா அதைப் பார்த்துவிட்டு, "நடுவுல எங்கயாவது சும்மா இருக்கறதுன்னு ஒண்ணு போடேன்" என்றாள்.

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே வருகிறார். அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் பால்காரரைக்கூட உள்ளே விட மனசு வராது.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்டா. அந்தத் திக்குல கிளம்பப்படாது."

"அப்பா, ஆபீஸ் தி.நகர்ல இருக்கு. அதுவும் மேற்குதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போயிண்டுதானே இருக்கேன்?"

"அதனாலதான் உனக்குப் பிரமோஷன் வரலை" என்றார் அப்பா.

அப்பாவே பரிகாரமும் சொன்னார். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணச் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பின கணக்கு. பிறகு வசதிப்பட்டபோது பையை எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போய்விடலாம், சூலம் ஒன்றும் செய்யாது. பை மட்டும் நடுவில் நம் வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் பயணமே ரத்தானதற்குச் சமம்.

சரி, ஒரு பழைய பையில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அப்பா விடவில்லை.

"காலிப்பையை வச்சு ஏமாத்தப்படாது. எது இல்லாம நீ கிளம்ப முடியாதோ, அதை வைக்கணும். அப்பதான் அது பரஸ்தானம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, நீலப் பையை எடுத்தேன். எங்கள் இருவரின் ஆதார் அட்டை, ஓட்டல் ரசீது, உடுப்புகள், ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார் சாவி. "இது இல்லாம நிச்சயமா கிளம்ப முடியாது. திருப்தியா?" என்றேன். (மேதாவி! மாற்றுச் சாவியை அதற்கு முந்தைய வருஷம் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் தொலைத்தவனும் நானேதான்.) அப்பா முகம் மலர்ந்து, பையின் கைப்பிடியில் தன்னுடைய போன் நம்பரை எழுதி ஒரு சீட்டுக் கட்டினார். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பை கீழ் வீட்டு ரங்கன் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் பத்மாவும் குளித்து, சாப்பிட்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினோம். ரங்கன் மாமா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"அடையார்ல இருக்கேன்டா. பொண்ணுக்கு நாளைக்கு சீமந்தம், எல்லாரும் இங்க வந்துட்டோம். உன் பையைப் பத்திக் கவலையே படாதே. மேல உங்காத்துலயே கொடுத்துடலாம்னுதான் பார்த்தேன். கொடுத்தா பரஸ்தானம் கெட்டுடுமே! நல்ல வேளையா காத்தால தி.நகர்லேர்ந்து எங்க லலிதாக்கா கோவிலுக்கு வந்திருந்தா. அவ கையில கொடுத்து தி.நகருக்கு அனுப்பிட்டேன். மேற்கே போற பை, மேற்கேதானே போகணும்?"

மாடிப்படியில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "ரங்கன் விஷயம் தெரிஞ்சவன்" என்றார்.

சாவி இல்லாத காரைக் கடந்துபோய் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், ஊருக்குப் போறாப்ல கீது? பை ஒண்ணும் காணோம்?"

"பை முன்னாடியே போயிடுச்சு" என்றேன்.

"பை முன்னால போய்க்கினு கீது, நீங்க பின்னால தொரத்திக்கினு போறீங்களா? நல்லா கீதுப்பா உங்க டூரு!"

ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றோம். பிறகு மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு சிக்னலில் நின்றோம். நான் சத்தம் போட்டு, இருட்டுவதற்குள் மலை ஏறிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பத்மா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும்.

லலிதா மாமி பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தம்பி பெண்ணின் சீமந்தத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ வாங்கோ! பையா? அது போயாச்சே!"

"எங்கே மாமி?"

"ஏலகிரிக்குத்தான். நம்ம சந்துரு கார்ல பெங்களூர் கிளம்பினான். போற வழிதானே, அவா ஏன் இங்க அலையணும், நானே ஓட்டல்ல கொடுத்துடறேன்னான். அவ்வளவு நல்ல மனசு அவனுக்கு."

மாமியின் பிள்ளை சந்துருவுக்கு உதவி செய்வதென்றால் உயிர். யாரும் கேட்கக்கூட வேண்டாம். போனை எடுத்ததுமே கத்தினான்.

"அண்ணா, வேலை முடிஞ்சுது! பையை ரூம்லயே வச்சாச்சு. உள்ள ஆதார் இருந்துதா, அதைக் காட்டி உங்க பேர்ல செக்-இன்னும் பண்ணிட்டேன். எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தா. உங்க சார்பா நானே குடிச்சுட்டேன். நீங்க காரை எடுத்துண்டு மெதுவா வாங்கோ."

"சந்துரு, கார் சாவி அந்தப் பையிலதான்டா இருக்கு."

சட்டென்று பிரேக் போடும் சத்தம் கேட்டது.

"நான் மலை இறங்கிட்டேனே அண்ணா. ஞாயித்துக்கிழமை திரும்பி வரச்சே பத்திரமா எடுத்துண்டு வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆக, என் துணிமணி, என் அடையாளம், என் ஸ்வெட்டர் எல்லாம் ஏரியைப் பார்த்த அறையில் செக்-இன் செய்துவிட்டன. நான் தி.நகரில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது, ரயிலிலும் கிடைக்காது. இரண்டு நாள் ஓய்வைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொடுக்கத் துப்பில்லாத மனுஷன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பத்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி திரும்பினேன்.

அவள் சோபாவில் தூங்கிவிட்டிருந்தாள். மின்விசிறிக்கு நேர்கீழே, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல், வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

எழுப்பப் போன என் கையை லலிதா மாமி பிடித்து நிறுத்தினார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம்டா, எப்படிக் களைச்சுப் போயிருக்கா. தூங்கட்டும்" என்று சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். "நாங்க வர ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆகும். ஃபிரிட்ஜ்ல பால் இருக்கு, தோசை மாவு இருக்கு. துளசிக்கு மட்டும் தண்ணி விடு. காலிங் பெல்லை அணைச்சுடு. யார் கேட்டாலும் நீங்க ரெண்டு பேரும் ஏலகிரியில இருக்கேள்னு நான் சொல்லிக்கறேன்."

மாமி போய்விட்டார். பத்மா கண்விழித்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. நான் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"இந்தக் கட்டடத்துல நம்மளை யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"இங்க யாராவது காபிக்கு வருவாளா?"

"மாட்டா."

"எல்லாரும் நாம மலை மேல இருக்கோம்னு நினைச்சிண்டிருக்காளா?"

"ஆமாம்."

"அப்ப எதுக்கு மலை ஏறணும்?" என்று சொல்லிவிட்டு, கால்களை நீட்டி மறுபடியும் படுத்துவிட்டாள்.

அப்பாடா என்று இருந்தது பாருங்கள், அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மடியிலிருந்து ஒரு மூட்டையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த இரண்டு நாளும் பத்மா தூங்கினாள், எழுந்தாள், நான் வார்த்த கோணல் தோசையைச் சாப்பிட்டாள், திரும்பத் தூங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே துணிக்கடைப் பைகளோடு முட்டிமோதிக்கொண்டு போகும் கூட்டத்தை இருவரும் வேடிக்கை பார்த்தோம். யாரோ ஒருவர் எங்களுக்கு உறவு மாதிரி தெரிந்தார். பத்மா சட்டென்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அப்பா போன் செய்தார்.

"குளிர் எப்படிடா இருக்கு?"

நான் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றுகொண்டேன். (பொய் சொன்னாலும் உணர்ந்து சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.) "ஜிலுஜிலுன்னு இருக்குப்பா."

"என்னமோ ஹாரன் சத்தமா கேக்கறதே?"

"மலைப்பாதை இல்லையாப்பா? வளைவுக்கு வளைவு அடிப்பா."

"அப்படியா? ஸ்வெட்டரைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்துரு பையோடு வந்தான். பை நன்றாக ஓய்வெடுத்திருந்தது. உள்ளே ஓட்டல்காரர்கள் ஒரு யூகலிப்டஸ் தைலப் புட்டியை வேறு அன்பளிப்பாக வைத்திருந்தார்கள். பத்மா அதில் கொஞ்சம் எடுத்துத் தன் மேலும் என் மேலும் தடவினாள். மலை வாசனையோடு மயிலாப்பூர் திரும்பினோம்.

அப்பா கதவைத் திறந்தார். தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, நட்டநடுவில் என் நீலப் பை. இரு பக்கமும் துண்டில் மடித்த அன்னப்பறவைகள். கீழே ஒரு செய்தி: 'ஐயா, தங்கள் லக்கேஜ் பத்திரமாக உள்ளது. விருந்தினர்களை மட்டும் காணவில்லை.' பையில் கட்டின சீட்டில் அப்பாவின் நம்பர் இருந்ததை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன்.

"இது எப்பப்பா வந்தது?"

"சனிக்கிழமை காத்தால. உடனே லலிதாவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் குளிர் எப்படி இருக்குன்னு கேட்டேள்?"

"நீ எவ்வளவு தூரம் போறேன்னு பார்க்கலாம்னுதான்" என்றார் அப்பா. எனக்கு யூகலிப்டஸ் தைலத்தையும் மீறி வியர்த்தது.

பிறகு அவர் பத்மாவின் பக்கம் திரும்பினார். அவள் முகம், கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. அப்பாவின் குரலே மாறிவிட்டது.

"நீ நன்னா தூங்கினியாம்மா?"

"தூங்கினேன்ப்பா" என்றாள் பத்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா? பை போனா ஆள் போன கணக்குன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று என்னைப் பார்த்து வெற்றியோடு தலையை ஆட்டினார்.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சீமந்தத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் மூலமாகக் கதை ஊரெல்லாம் பரவி, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "நீங்க வந்தேளா, பை மட்டும் வந்திருக்கா?" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. ஆனால் பரீட்சைத்தாள்கள் திருத்தி முடிந்ததும், யாரும் சொல்லாமலே அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்துவிடுகிறார். நல்ல நேரம் பார்த்து நீலப் பை ரங்கன் மாமா வீட்டுக்கு இறங்கிப் போகிறது. சட்டப்படி பத்மா ஊரில் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் பை கீழேதான் இருக்கிறது. (கார் சாவி என் சட்டைப்பையில்.) உள் அறையில் பத்மா போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். இப்போது வாசலில் மணி அடித்தது. அப்பா போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. காபி நான் போடறேன். பத்மாவா? அவ ஏலகிரிக்குப் போயிருக்காளே!"