என் பெயரை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடு

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகும்; நலமில்லை என்று எழுதினால் பெட்டியோடு வந்து நிற்பாய். ஆகவே இரண்டையும் எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

என் முகத்தின் இடது பக்கம் அசையாமல் போனது உனக்குத் தெரியும். வாய் கோணியதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் இடது கண் மூட மறுக்கிறது, வலது கண் மட்டும் இமைக்கிறது. மின்சாதனக் கடையில் புகார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எப்பேர்ப்பட்ட வினை என்று யோசித்துப் பார். மிக்ஸி ஓடவில்லை என்று ஓர் அம்மாள் அழாக்குறையாகச் சொன்னார், நானும் அக்கறையாகக் கேட்டேன், கேட்கிற மனிதன் இமைக்கத்தானே வேண்டும், இமைத்தேன். "பேரன் எடுத்த வயசுல கண்ணடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையே கூடிவிட்டது. நேற்று முளைத்த மேலாளர், "முகம் சரியாகற வரைக்கும் கோடவுன்ல இருங்க ஐயா" என்றான். இத்தனை வருஷமாக என் முகத்துக்கா சம்பளம் கொடுத்தார்கள்?

உன் அண்ணி அதற்கு மேல். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொன்னவள், இப்போது பரிதாபப்பட்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்கிறாள். குழம்பில் உப்பில்லை என்றேன், "சரிங்க." உப்பு அதிகம் என்றேன், அதற்கும் "சரிங்க." சண்டைக்குக்கூட ஆளில்லாத வீட்டில் மனிதன் எப்படி இருப்பான்?

இந்த லட்சணத்தில், என்னைக் கேட்காமல், முகம் மாறிப்போனவர்கள் கூடும் குழுவில் என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். வர முடியாது என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு லாரி ஓட்டுநர், தீயில் பாதி முகம் வெந்தவர். என் கண் இமைத்துத் தொலைத்தது. அவர் பதிலுக்குக் கண்ணடித்து, "உள்ள வா பெருசு" என்றார். உள்ளே, முகமெல்லாம் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு டீச்சர். "மத்தவங்க பாத்து முழிக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும் சார்" என்றாள்.

"நான் யோசனை கேக்கலையே" என்றேன்.

"நாங்களும் உங்க சம்மதத்தக் கேக்கல. டீ குடிங்க."

இவளுக்குப் பதில் சொல்லாமல் கிளம்பினால் மரியாதையா? கூடத்தைப் பூட்டும்வரை பதில் சொன்னேன்.

அவள் சொன்னதற்காக அல்ல, எனக்கே தோன்றியதால், மறுநாள் கோடவுனை விட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவரிடம், "இந்தக் கண்ணு மூடாது, கண்ணடிக்கறேன்னு நினைச்சுக்காதீங்க. இப்ப உங்க ஃபேனுக்கு என்ன?" என்றேன். அவர் ஃபேனை மறந்து தன் சித்தப்பாவுக்கும் இப்படியே வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். என்னைக் கிளப்ப வந்த மேலாளர் என் மேஜை முன் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனான். வீட்டிலும், "முகந்தான் கோணல், காது நல்லா கேக்குது, பழையபடி திட்டு" என்றேன். உன் அண்ணி, "முதல்ல வாயத் தொடைங்க, சட்டையெல்லாம் குழம்பு" என்றாள். காது குளிர்ந்தது.

ஆக, அந்தக் குழுவால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பெயரை உடனே எடுத்துவிடு.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். கேட்காமல் பெயர் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு நீயும் நன்றாக இரு.

இப்படிக்கு,
இறங்கி வராத அண்ணன்

பி.கு.: இன்று டாக்டர் பார்த்தார். இடது கண் லேசாக மூடுகிறதாம், முகம் சீக்கிரம் நேராகிவிடுமாம். முகம் சரியானவர்களையும் அந்தக் குழுவில் வைத்துக்கொள்வார்களா? என் பெயரைச் சொல்லாமல் கேட்டு எழுது. டீச்சருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் பாதி இருக்கிறது.